நாம் பாசறை புகுந்த கதை

எமது கல்லூரி மண்டபத்திலே, மேடைக்கு வலப்புறச் சுவரில், பழைய நிழற்படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நாம் அங்கு மாணவராயிருந்த 1990களில் அதன் கண்ணாடி ஒரு மூலையில் வெடித்திருந்தது. முப்பதளவான மாணவர் காக்கிக் காற்சட்டையும் சப்பாத்தும் அணிந்து மூன்று வரிசையாக நிற்பர். நடுவே நாற்காலியில், அதே உடையில், ஓர் ஆசிரியர் அமர்ந்திருப்பார். இரு கைகளையும் முழங்காலின்மேல் வைத்து, எவனையோ கண்டிக்க எண்ணிப் பின்னர் மன்னித்துவிட்டவர் போன்ற முகம். அவர் எமது கல்லூரியிலே தமிழ் கற்பித்தவர் என்று மூத்த ஆசிரியர்கள் கூறினர். எமக்கு அது நம்புதற்கரியதாயிருந்தது. அக்காலத்திலே சீருடை என்றால் வீதியோரக் காவலரணில் நின்று எமது அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பது என்பதே நாம் அறிந்த பொருள். அவ்வுடையைத் தமிழ் ஆசிரியர் ஒருவர், அதுவும் இலக்கணம் கற்பித்தவர், விரும்பி அணிந்தார் என்பது விளங்கவில்லை.

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை அனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்தார் எழுதியபோது, அப்படமே முதலில் எம் மனக்கண்முன் வந்தது. ஏனெனில், அந்த நாற்காலியில் பின்னர் நாமும் அமர நேர்ந்தது. கல்லூரியில் அன்று, மாம்புரியில்.

பாடசாலை மாணவருக்குப் படைப் பயிற்சி அளிக்கும் வழக்கம் இலங்கையில் நெடுநாளையது. 1881ஆம் ஆண்டில் கொழும்பு றோயல் கல்லூரியில், ஜோன் கல் என்பார் அதிபராயிருந்தபோது அது தொடங்கிற்று. பின்னர் ஏனைய கல்லூரிகளுக்கும் பரவி, யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் சிலவற்றிலும் கால்கொண்டது. தியத்தலாவை முகாமும், ஹேர்மன் லூஸ் பெயரால் அமைந்த வெற்றிக் கேடயமும் அத்தலைமுறையினரின் பேச்சிலே இன்றும் அடிபடுவன. 1985ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தேசிய மாணவர் படையணியாக அமைத்தது. ஆனால் அப்போது போர் மூண்டுவிட்டது. தமிழ் மாணவர் கையில் மரத் துப்பாக்கியைக் கொடுக்கவும் எவரும் துணியாத காலம் அது. வாங்கவும் எவரும் துணியார். எமது கல்லூரிப் படம் அக்காலத்திலே சுவரிலிருந்து இறக்கப்படாமல் இருந்தமையே வியப்பு. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னரே தமிழ்ப் பாடசாலைகளிலும் படையணிகள் புதிதாக எழலாயின.

மாம்புரியை அறியாதார் பொருட்டு ஒரு சொல். புத்தளத்துக்குத் தெற்கே பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியில், நுரைச்சோலையைத் தாண்டித் தலவிலைக்கு முன்னர் வருவது எமது ஊர். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. இடையிலே மணல். அம்மணலில் கிணற்று நீரை இறைத்துச் சின்ன வெங்காயமும் மிளகாயும் விளைவிப்பர். கடற்கரையிலே காற்றாலைகள் நிற்கின்றன. தெற்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். இந்துக்கள், இஸ்லாமியர், கத்தோலிக்கர் மூவரும் ஒரே பஸ்ஸில் ஏறி ஒரே சந்தைக்குப் போவர். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்று இங்கே வந்த நாம், இங்கேயே மணம் செய்து, வீடும் கால் ஏக்கர் வெங்காயத் தோட்டமும் உடையவராயினோம்.

2013ஆம் ஆண்டு, நாம் பணிபுரிந்த பாடசாலைக்கு ஒரு படையணி அமைக்கலாம் என்னும் பேச்சு வந்தது. மாணவருக்குப் பொறுப்பாக ஓர் ஆசிரியர் பயிற்சி பெற்று அதிகாரியாக வேண்டும். அதிபர் ஆசிரியர் கூட்டத்தில் கேட்டபோது, எல்லோரும் தத்தம் கொப்பிகளைப் பார்த்தனர். நாம் மட்டும் தலையை நிமிர்த்தியிருந்தோம். அதுவே சம்மதமாகக் கொள்ளப்பட்டது.

எமக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. மகளுக்கு ஆறு, மகனுக்கு ஒன்றரை. நிரந்தரப் படையில் சிப்பாயாகச் சேர்வோர் மணமாகாதவராயிருத்தல் வேண்டும் என்பது இந்நாட்டு விதி. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு வந்த அக்னிபாத் திட்டத்திலும் அவ்வாறே. எனவே பிள்ளை பெற்றவன் அடிப்படைப் பயிற்சிக்குப் போகும் வாயில்கள் மிகச் சில. ஆசிரியருக்குத் திறந்திருக்கும் இவ்வாயில் அவற்றுள் ஒன்று. ஏன் சென்றோம் என்று பலர் கேட்டனர். எமது ஒன்பதாம் வகுப்பு இடாப்பிலே பெயர் இருக்கும். ஆள் கடலில் இருப்பான். தந்தையின் படகில் ஏறிவிட்ட பையனைத் திருப்பிக் கொணர இலக்கணத்தால் இயலவில்லை. பறைமேளமும் அணிநடையும் கொணரக்கூடும் என எண்ணினோம். இது நாம் வெளியே கூறிய காரணம், மெய்யான காரணமுங்கூட. வெளியே கூறாத காரணம், அந்த நிழற்படம்.

உடலை ஆயத்தம் செய்தல் எளிதாயிற்று. மூன்று மாதத்துக்கு முன்னரே தொடங்கினோம். விடியுமுன் எழுந்து, தலவிலைப் பக்கமாகக் கடற்கரையில் ஓடுவோம். முதல் வாரம் நூறு யார் ஓடி நூறு யார் நடந்தோம். கரைவலை இழுப்போர் எம்மைக் கண்டு, "சேர், ஆர் துரத்துறா?" என்பர். உலர்மணலில் ஓடிக் கணுக்காலைப் புரட்டிக்கொண்ட பின்னரே, அலை நனைத்த இறுகிய மணலில் ஓட வேண்டும் என்பதை அறிந்தோம். அது அங்குள்ள சிறுபிள்ளைகள் அனைவரும் அறிந்த செய்தி. மூன்றாம் மாத முடிவில் இரண்டு கல் தூரம் நில்லாது ஓடலாயினோம். சப்பாத்தையும் முன்கூட்டியே வாங்கி, வீட்டிலும் தோட்டத்திலும் அணிந்து பழகுதல் வேண்டும். பயிற்சி தொடங்கிய பின்னர் புதுச் சப்பாத்து அணிந்தோர் மூன்றாம் நாளே கொப்புளம் கண்டு கால்களைத் தூக்கிக்கொண்டிருந்தனர். நாம் உடலால் பட்ட துன்பம் இவ்வளவே.

வீட்டை ஆயத்தம் செய்வதற்கென ஒரு கொப்பி வாங்கினோம். ஆசிரியர்க்குக் கொப்பி இன்றி ஒரு கருமமும் நடவாது. சம்பளம் வைப்பிலிடப்படும் வங்கிப் புத்தகம் எங்கே இருக்கிறது. மின்சாரக் கட்டணம் எப்போது. கிணற்று மோட்டார் நீரை இழுக்காவிடில் எந்த மூடியைத் திறந்து நீர் வார்க்க வேண்டும். மகனுக்கு அடுத்த தடுப்பூசி எந்நாள். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை எத்தனை நாளைக்கு உண்டு. இரவில் எவருக்கேனும் நோய் வந்தால் எவருடைய முச்சக்கர வண்டியை அழைப்பது. அவர் வரவில்லையாயின் வேறு யார்: இவ்வாறு பதினொரு பக்கம் எழுதினோம். அமெரிக்கப் படையிலே, துணையின்றிப் பிள்ளை வளர்ப்போரும், கணவனும் மனைவியும் ஆகிய இருவருமே படையில் உள்ளோரும், தாம் இல்லாத காலத்தில் பிள்ளையை யார் பார்ப்பார் என்பதை எழுத்தில் கொடுத்தே தீரவேண்டும் என்ற விதி உண்டெனப் பின்னர் படித்தோம். எமது கொப்பியை அவர்கள் ஏற்றிருப்பர் என்றே நம்புகிறோம். எம் மனைவி அதனைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் இருக்கு. பிள்ளைக்கு ஆர் சொல்றது எண்டு மட்டும் எழுதல்ல," என்றாள்.

அவள் கூறியது மகளை. மகன் சிறியவன், பால் கிடைத்தால் உலகத்தை மன்னிப்பான். மகள் அவ்வாறல்லள். பிறந்த நாள்தொட்டு எம் பக்கத்திலே துயில்பவள். எமது சாரத்தின் தலைப்பை விரலிலே சுற்றிக்கொண்டாலன்றி அவளுக்கு உறக்கம் வாராது. நடு இரவில் நாம் எழ நேர்ந்தால், அத்தலைப்பை விரல் விரலாக விடுவித்தல் வேண்டும். 'சொல்கிறோம், சொல்கிறோம்' என்று நாள்களைக் கடத்தினோம். வகுப்பிலே நாற்பது பிள்ளைகளுக்கு நன்னூலின் நயத்தை விளக்க வல்ல நாம், ஓர் ஆறு வயதுச் சிறுமியிடம் 'அப்பா போய் வருகிறேன்' என்னும் மூன்று சொல்லைக் கூறும் வழியறியாது நின்றோம்.

எம் தாயார் அப்போது எம்முடனே இருந்தார். அவர் ஒன்றும் கூறவில்லை. அவருடைய மௌனத்தின் பொருள் எமக்குத் தெரியும். போர்க்காலத்திலே ஊர்விட்டு ஊர் சென்று வந்தவர் அவர். தம் அடையாள அட்டையையும் எம் அடையாள அட்டையையும் பொலித்தீன் உறையில் இட்டு, இடுப்புச் சுருக்குப் பையில் வைத்திருப்பார், எம்மிடம் தாரார். காவலரணில் வரிசை நிற்கும்போது தாம் முன்னே நின்று, எம்மைத் தம் முதுகுக்குப் பின்னே நிறுத்துவார். நாம் அவரிலும் உயர்ந்து வளர்ந்த பின்னரும் அவ்வாறே செய்தார். அவருடைய தோளுக்கு மேலாக எம் தலை தெரிவதை அவர் அறியாதவர் போலிருந்தார். அத்தாயின் மகன் இப்போது தானே போய் அவ்வரிசையின் மறுபக்கத்தில் நிற்கப்போகிறான். அவர் எம் கொப்பியில் தம் மாத்திரைக் கணக்கைச் சரிபார்த்து, "இன்னும் ஒரு கிழமைக்குக் கூட எடுத்து வை, மகன்" என்றார், வேறு பேச்சில்லை.

புறப்படும் நாளுக்கு முதல் நாள் அயலிலுள்ள முதியோர் ஒருவர் எமக்கு அறிவுரை கூறினார்: "பிள்ளை நித்திரையில கிடக்கப் போயிரு. அழுகையைப் பார்த்தால் காலடி நகராது." அவரும் அரபு நாட்டுக்குப் போய் வந்தவர். அனுபவசாலியின் சொல் எமக்குச் சாதகமாகவும் இருந்தது. விடியுமுன் பஸ். விளக்கேற்றாமல் எழுந்து, மகளின் விரலிலிருந்து சாரத்தலைப்பை விடுவித்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினோம். படலையை மூடும்போது ஓசை எழாதிருக்கக் கீலுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டிருந்தோம். அந்த எண்ணெயை நினைக்குந்தோறும் இன்றும் எமக்கு நாணமாயிருக்கிறது.

புத்தளம், குருநாகல், கண்டி. கண்டியிலிருந்து விக்டோரியா, ரந்தெனிகல அணைக்கட்டுகளின் வழியாக மலைச்சாரலிலே இறங்கி, மகாவலியின் கரையிலுள்ள ரந்தம்பே. மாணவர் படையணியின் பயிற்சி நிலையம் அங்கே உள்ளது. கடற்காற்றிலே வாழ்ந்தவர்க்கு அவ்விடத்து வெப்பம் புதிது. காற்று அசையாது நிற்கும். ஊதல் ஒலியுடன் விடியும். ஊதல் ஒலியுடன் முடியும். தலைமயிரை ஒட்ட வெட்டினார்கள். படுக்கை விரிப்பின் மடிப்பிலே ஓர் அங்குலம் பிசகினால் முழுவதும் கலைத்து மீண்டும் விரிக்க வேண்டும்.

கட்டளைகள் யாவும் சிங்களத்தில். எமது சிங்களம் சந்தைச் சிங்களம்: மீனின் விலையையும் வெங்காயத்தின் விலையையும் பேசுவதற்குப் போதுமானது. 'நேராய் நில், இலகுவாய் நில்' என்று பாடசாலையில் கேட்டு வளர்ந்த காதுக்கு, கட்டளை பொருளாகி, பொருள் காலுக்கு இறங்குமுன் அனைவரும் திரும்பி முடித்திருப்பர். முதல் வாரத்தில் ஒரு நாள், எல்லோரும் வலப்புறம் நோக்க, நாம் மட்டும் இடப்புறம் நோக்கி, எமக்கடுத்து நின்றவரின் மூக்கோடு மூக்கு நின்றோம். அணி முழுவதும் சிரிப்பை அடக்கப் பாடுபட்டது. பயிற்றுநர் எம் பழைய மாணவரிலும் இளையவர். வகுப்பிலே பின்வரிசையிலிருந்து விழிக்கும் பிள்ளையின் உள்ளம் எத்தகையது என்பதைப் பயிற்சிக் கலாசாலையில் கல்வி உளவியலாக இரண்டு ஆண்டு படித்தோம். விளங்கிக்கொண்டது அந்த மைதானத்தில்.

எமக்கு அடுத்த கட்டிலில் குருநாகல் பக்கத்துக் கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. இரவிலே அவர் எமக்குக் கட்டளைச் சொற்களைக் கூறுவார். நாம் அவற்றைத் தமிழெழுத்தில் எழுதி மனனம் செய்வோம். அதற்குக் கைம்மாறாக அவர் எம்மிடம் கேட்டது, எம் பிள்ளைகள் மூன்று மாதத்தில் என்ன செய்தார்கள் என்பதை. 'குப்புறப் புரண்டார்களா? சிரித்தார்களா? யார் குரலைக் கேட்டால் திரும்பினார்கள்?' என்று ஒவ்வொன்றாக வினவுவார். தாம் காணாது விட்டவற்றை எம் நினைவிலிருந்து ஈடுசெய்துகொண்டார். இரவுணவின் பின்னர் தொலைபேசிக்கு அனுமதி கிடைக்கும் நாள்களில், தந்தையர் யாவரும் வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் இரு மொழிகளில், 'சாப்பிட்டீர்களா?' என்னும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

எம் மகள் தொலைபேசியை வாங்குவாள்; பேசமாட்டாள். அவளுடைய மூச்சொலி மட்டும் கேட்கும். நாமும் என்ன கேட்பதெனத் தெரியாது சிறிது நேரம் மூச்சு விடுவோம். பின்னர் மனைவி வாங்கி, மற்றவற்றைக் கூறுவாள். நாம் புறப்பட்ட அன்று விடிந்ததும் மகள் வீடு முழுதும் தேடி, கிணற்றடி சென்று, படலையைத் திறந்து வீதிவரை போயிருக்கிறாள். அன்றிரவு உறங்கவில்லை. மறுநாள் மனைவி, தோய்க்காமல் கிடந்த எம் சாரத்தை எடுத்து அவள் பக்கத்தில் இட்டாள்; அதன் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு துயின்றாள். பதினொரு பக்கக் கொப்பியில் அந்தச் சாரம் இடம்பெறவில்லை. 'அப்பா எப்ப வருவார்?' என்று கேட்டபோது, நாள் கணக்கு விளங்காத பிள்ளைக்கு மனைவி, "வெங்காயம் கிண்டுற நேரம் வருவார்" என்று கூறியிருக்கிறாள். நாம் புறப்படுவதற்கு இரு வாரம் முன்னரே நட்டிருந்தோம். அறுபது, எழுபது நாளிலே தாள் மஞ்சளித்துச் சாயும், சாய்ந்தால் கிண்டலாம். கணக்குச் சரியே.

மூன்றாம் வாரத்தில் எம் கையிலே துப்பாக்கியைக் கொடுத்தனர். அதைப் பற்றி அதிகம் எழுத எண்ணமில்லை. அதன் பாரம் நாம் எண்ணியதிலும் மிகுதி. இரும்பு காலைப் பனியிலே குளிர்ந்திருந்தது. அதுவரையில் நாம் அக்கருவியின் முன்புறத்தையே அறிவோம். பின்புறத்தை அன்றுதான் முதன்முதல் கண்டோம். அம்மாவுக்கு இதை நாம் ஒருபோதும் கூறவில்லை. அவரும் கேட்கவில்லை.

பயிற்சி முடிந்து வீடு திரும்பியது ஒரு பிற்பகல். முகம் கறுத்து, தலை மழித்தது போலாகி, நிறையிலே ஏழு கிலோ குறைந்து, மாம்புரிச் சந்தியில் இறங்கினோம். கடைக்காரர் எம்மை அடையாளங் காணச் சற்று நேரமாயிற்று. வீட்டுக்குச் சென்றால், மகன் புதியவரைக் கண்டவன்போல அலறினான். அரை மணியில் தேறிவிட்டான். மகளைக் காணோம். "தோட்டத்தில நிப்பாள்" என்றாள் மனைவி.

வெங்காயம் இன்னும் சாயவில்லை, பச்சையாக நின்றது. ஆனால் ஓரத்து வரிசை ஒன்று முழுவதும் வெறுமையாயிருந்தது. ஒவ்வொரு நாளும் பாடசாலை விட்டு வந்ததும் மகள் ஒரு பூண்டைப் பிடுங்கி, அடியைப் பார்த்து, முற்றவில்லையெனக் கண்டு, வாடிப்போன அதனைத் திரும்பவும் குழியில் நட்டு வைத்திருக்கிறாள். மனைவி கண்டும் தடுக்கவில்லையாம். நாம் வரப்பில் நின்று அழைத்தோம். அவள் நிமிர்ந்து எம்மைப் பார்த்தாள். பின்னர் வெங்காயத்தைப் பார்த்தாள். "இன்னும் விளையல்லையே," என்றாள். வந்தவர் தந்தையோ அல்லரோ என்பதிலும், வாக்குப்படி வந்தாரோ என்பதே அவளுக்கு முதன்மையாயிருந்தது. அன்றிரவு அவள் எம் பக்கத்திலே படுக்கவில்லை. அப்பம்மாவின் பாயிற் படுத்தாள், பழைய சாரத்துடன். எம்மிடம் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் சென்றது. வந்த பின்னரும், இரவிலே நாம் புரண்டு படுத்தால் கண் விழித்துவிடுவாள். அவ்வியல்பு அவளுடைய ஒன்பதாம் வயதுவரை நீங்கவில்லை.

பிரிவுக்குரிய காரணங்களாகத் தொல்காப்பியர் ஓதல், பகை, தூது என மூன்றைக் கூறுவர். எமது பிரிவு எதனுட் படும் என்று விடுமுறையொன்றில் எண்ணிப் பார்த்தோம். பகைத்தொழிலை ஓதப் போனமையால் முதலிரண்டுக்கும் இடையிலே நிற்பது போலும்! முல்லைத் திணையிலே காத்திருப்பவள் பெரும்பாலும் தலைவியே. பிள்ளை வருமிடமும் உண்டு. ஐங்குறுநூற்றிலே பேயனார், புதல்வனை நடுவே கிடத்தித் துயிலும் தாய்தந்தையரைச் செவிலி கண்டு மகிழ்வதாகப் பாடினார். அது கூடிய பின்னுள்ள காட்சி. அதைப் பல ஆண்டு வகுப்பிலே நடத்தியிருந்தும், அந்நடுவிடத்தில் கிடக்கும் பிள்ளை, ஒருபுறம் வெறிதானபோது கையை நீட்டித் துழாவியிருக்குமே என்ற எண்ணம் 2013க்கு முன்னர் எமக்குத் தோன்றியதில்லை.

பாசறைக்குப் பெண்டிரை உடன்கொண்டு செல்லுதல் இல்லை என்பதும் தொல்காப்பிய விதி. சென்னைப் பரங்கிமலையில், 1963ஆம் ஆண்டு தொடங்கிய இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் 1992 முதல் பெண்களும் பயில்கின்றனர். பணியின்போது இறந்த படையினரின் மனைவியர், பிள்ளையுடையாராயினும், அங்கே சேர விதியில் இடமுண்டு. 2015 நவம்பரில் குப்வாராவில் உயிர்நீத்த கேணல் சந்தோஷ் மகாதிக் என்பாரின் மனைவி சுவாதி மகாதிக், இரு பிள்ளைகளின் தாய், வயதெல்லை தளர்த்தப்பெற்று அங்கே பயின்று 2017 செப்டெம்பரில் அதிகாரியானார். 2021 நவம்பரில் ஜோதி நைன்வால். அவருக்கும் இரு பிள்ளைகள். தாயைப் போலவே சிறிய படையுடை தரித்து நின்ற அவ்விருவரையும் பத்திரிகைப் படத்தில் கண்டோம். 2022 ஒக்ரோபரில் லடாக்கைச் சேர்ந்த றிக்சின் சோரோல். அவர் தம் கைக்குழந்தையைப் பிரிந்து பதினொரு மாதம் பயின்றவர். எம் நாட்டிலும் 2012 நவம்பரில் கிளிநொச்சியில் நூறளவான தமிழ்ப் பெண்கள் படையிற் சேர்ந்தனர். அவர்களுடைய இல்லங்களில் அன்றிரவு என்ன பேசப்பட்டதென்பதைப் பத்திரிகைகள் எழுதவில்லை. எமக்கு ஓரளவு ஊகிக்க முடிகிறது. பதினொரு மாதத்தை எண்ணும்போது எமது வாரக் கணக்கு மிகச் சிறிது. கீலுக்கு எண்ணெய் விட்டவர் அவர்களுள் எவரும் இரார் என எண்ணுகிறோம்.

அடுத்த முகாமுக்குப் போகும்போது பத்து நாள் முன்னரே மகளிடம் கூறினோம். அவள் அழுதாள். பின்னர் வினவினாள்: எத்தனை இரவு, எந்த ஊர், அங்கே பாய் உண்டோ கட்டில் உண்டோ, பக்கத்தில் யார் படுப்பார். கணித ஆசிரியரைப் பற்றிக் கூறினோம். "அவருக்குச் சாரம் இருக்கா?" என்று கேட்டாள். உண்டென்றோம். புறப்படும் நாளில் விளக்கேற்றி அவளை எழுப்பினோம். படலைவரை வந்து, படலையைத் தானே மூடினாள். கீல் நன்றாகவே கிறீச்சிட்டது.

பையன்களைப் பற்றியும் கூறவேண்டும். படையணி தொடங்கிய ஆண்டிலே கடலிலிருந்து நால்வர் வகுப்புக்கு மீண்டனர். ஒருவன் மறுபடியும் கடலுக்கே போனான். அவன் இப்போது நல்ல சம்மாட்டி, எம்மைக் கண்டால் நேராய் நின்று வணக்கம் வைப்பான். மற்ற மூவரும் சாதாரணதரப் பரீட்சை எழுதினர். இதைப் பெருவெற்றி என்று கூற முடியாது. நான்கு தாய்மார் இதனைப் பெரிதெனக் கொண்டனர்.

எம் சீருடையை முதன்முதல் மனைவி தோய்த்து, முன்முற்றத்துக் கொடியிலே காயவிட்ட நாள் நன்கு நினைவிலுண்டு. அம்மா கோயிலுக்குப் போய்த் திரும்பியவர், படலையடியிலே நின்றுவிட்டார். கொடியிலே காக்கிச் சட்டை கைகளை விரித்துக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவருடைய கை இடுப்புச் சுருக்குப் பைக்குப் போயிற்று. அவர் அறியாமலே போயிற்று. அடையாள அட்டையைத் தேடிய கை அது. போர் முடிந்து நான்கு ஆண்டு கழிந்திருந்தது. அது அவர் மகனுடைய சட்டை. அதன் பொத்தானைத் தைத்தவரும் அவரே. சிறிது நேரத்தில் தேறி உள்ளே வந்து, திருநீற்றுத் தட்டை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாது கொடியிலிருந்து அச்சட்டையை எடுத்தார். குசினிக்குப் பின்னே, தென்னைக்கும் கிணற்றுத் தூணுக்கும் இடையிலே புதுக் கயிறு கட்டினார். சட்டையை உட்புறம் வெளியாகப் புரட்டி அதிலே போட்டார்.

"ரோட்டுக்குத் தெரியப் போடாத, மகன்" என்றார். "வாற போற சனம் பயந்துபோகும்."

ஊரிலே எவரும் பயப்படவில்லை. ஆயினும் நாம் மறுக்கவில்லை. அன்று தொடங்கி அவரே அதனைத் தோய்ப்பார், மனைவியைத் தொடவிடார். கஞ்சி போட்டு, மடிப்புக் குலையாமல் அழுத்தித் தருவார். அணிநடைப் போட்டியில் எம் உடையின் நேர்த்தியைப் பாராட்டினார்கள் என்று கூறியபோது, "கஞ்சி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். அவர் எம்மை அவ்வுடையில் நேராக நோக்கியதை நாம் கண்டதில்லை. சட்டையின் கழுத்துப்பட்டியையும் பொத்தான்களையும் மட்டும் பார்ப்பார்.

அம்மா மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சுருக்குப் பையிலே இரு அடையாள அட்டைகளின் நிழற்பிரதிகள் இருந்தன; ஒன்று எம்முடையது, பதினாறு வயது முகத்துடன். மகள் வளர்ந்து உயர்தரம் படிக்கிறாள். தன் பாடசாலைப் படையணியில் அவளும் இருக்கிறாள். நாம் சொல்லிச் சேர்ந்ததன்று. முகாமுக்குப் போகுமுன் எமக்கென ஒரு கொப்பியில் ஒரேயொரு பக்கம் எழுதித் தந்து செல்வாள். முன்முற்றத்துக் கொடி அகலமானது. வெயிலும் நன்றாகப் படும். ஆயினும் எம்முடையதும் அவளுடையதுமாகிய இரு காக்கிச் சட்டைகளும் குசினிக்குப் பின்னுள்ள கயிற்றிலேதான், உட்புறம் வெளியாக, உலர்கின்றன.